காய்ச்சலைச் சொல்லப் பயப்படாத வளாகம்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, தென்சென்னையில் உள்ள ஓர் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் மூத்த விஞ்ஞானியாக இருக்கிறேன். விஞ்ஞானிகள், ஆய்வு மாணவர்கள், அலுவலர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் என்று ஏறக்குறைய 400 பேர் இருக்கிறோம். 2020இல் கொரோனா வந்தபோது 40 பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி வெளியிட்டோம். யாரும் அதை முழுதாகப் படிக்கவில்லை. தொற்றும் பரவத்தான் செய்தது. அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் நடைமுறைக்கு உதவும் வழிகாட்டி ஒன்றை எழுதும் பொறுப்பை இயக்குநர் என்னிடம் தந்திருக்கிறார். சோதனைக்கூடங்களை மூடுவதா, திறந்து வைப்பதா? யாரை வரச் சொல்வது? விடுதியை என்ன செய்வது? ஆய்வு தடைபடும் மாணவர்களுக்கு என்ன பதில் சொல்வது? எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சோதனைக்கூடத் தரையைக் காலையில் துடைக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு இரவில் காய்ச்சல் கண்டால், மறுநாள் அவர் வராமல் இருந்துவிட முடியுமா? வராத நாளுக்குக் கூலி உண்டா? உங்கள் குழுவில் யாராவது ஒருவர் ஒப்பந்ததாரரிடம் இதைக் கேட்டுக்கொண்டு வரட்டும். அந்தப் பதில் தெரிந்த பிறகு வழிகாட்டியின் முதல் வரியை எழுதுங்கள்.

தொழில்சார் நலவியல் மருத்துவராக 2020, 2021 ஆண்டுகளில் சில ஆய்வு வளாகங்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருந்தேன். முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல் என்று எழுதி ஒட்டியவை எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. உடம்பு சரியில்லை என்று வாய்திறந்து சொன்னவரை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. விடுப்பும் சம்பளமும் உறுதி என்று தெரிந்த இடங்களில் ஆட்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சம்பளம் வெட்டுப்படும், ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் முகம் சுளிப்பார், விடுதியில் தனி அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்த இடங்களில், பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தார்கள். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி அவர்களைப் பிடிக்கவில்லை. மாத்திரை போட்டவருக்குச் சூடு இருக்காது. அறிகுறியே தோன்றாதவருக்கும் இருக்காது. சென்னை வெயிலில் நடந்து வந்தவருக்கோ நோய் இல்லாமலே சூடு காட்டும். அந்தக் கருவிக்கு ஆள் போட்டு, பதிவேடு வைத்து, எல்லாரும் ஒரே பேனாவால் கையெழுத்திடும் ஏற்பாட்டை உங்கள் வழிகாட்டியில் சேர்க்க வேண்டாம்.

ஒப்பந்தப் பணியாளர் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் வாங்குபவர் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவார். நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்க வழி உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகத் தொகை கிடையாது. சுவாசத்தொற்றில் ஒருவர் அதிகம் பரப்புவது அறிகுறி தோன்றும் தறுவாயிலும் அதையொட்டிய முதல் சில நாட்களிலும்தான். அவரை வீட்டில் இருக்கவைக்க வேண்டிய நாட்களிலேயே அவர் கையில் காசு இல்லாமல் போகிறது. அந்த இடைவெளியை நிறுவனம்தான் நிரப்ப வேண்டும். "பெருந்தொற்றுக் காலத்தில் நோயாலோ தனிமைப்படுத்தலாலோ வராத நாட்கள் பணிநாட்களாகக் கருதப்பட்டு முழு ஊதியம் வழங்கப்படும்" என்ற ஒற்றை வாசகத்தை ஒப்பந்ததாரருடன் போடும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கணக்குப் பிரிவில் தயக்கம் வரும். தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்பார்கள். அவர்களிடம் காட்ட முன்னுதாரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய நிதி அமைச்சகமே, மத்திய அரசு அலுவலகங்களில் ஒப்பந்த, தற்காலிக, வெளிமுகமைப் பணியாளர்கள் ஊரடங்கால் வர முடியாமல் போனால் அவர்களைப் பணியில் இருப்பவர்களாகவே கருதி ஊதியம் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. நெருக்கடி வந்த பிறகு இப்படியோர் ஆணைக்காகக் காத்திருக்காமல், உங்கள் நிர்வாகக் குழுவில் இப்போதே தீர்மானம் போட்டு வைப்பது நல்லது.

இதே பயத்தின் இன்னொரு வடிவம் ஆய்வு மாணவரிடம் இருக்கிறது. அது சம்பளத்தைப் பற்றியது அல்ல, நெறியாளரைப் பற்றியது. ஊரடங்கு தளர்ந்ததும் பல மாணவர்களின் தொலைபேசிக்கு வந்த செய்தியை நான் பார்த்திருக்கிறேன். "ஒரு மணி நேரம் மட்டும் வந்து அந்த ஜெல்லை ஓட்டிவிட்டுப் போக முடியுமா?" ஜெல் ஓட்டுவது என்பது சோதனைக்கூடத்தில் செய்யும் ஒரு சோதனை. கேட்டவர் கெட்டவர் அல்லர். அவருக்கு நிதியறிக்கை தர வேண்டிய நெருக்கடி. ஆனால் தன் பட்டம் யாருடைய கையெழுத்தில் இருக்கிறதோ அவர் கேட்கும்போது, மாணவரால் முடியாது என்று சொல்ல இயலாது. ஆகவே யார் வரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தனித்தனி நெறியாளர்களிடம் விடாதீர்கள். அதை ஒரு குழுவிடம் கொடுங்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் யாரையும் வளாகத்துக்கு அழைக்கக் கூடாது, வாய்மொழியாக அழைத்தால் அதைக் குழுவிடம் சொல்லும் மாணவரின் பெயர் வெளியே வராது என்று எழுதுங்கள். குழுவில் ஒரு மாணவரும், விலங்கு இல்லப் பணியாளர் ஒருவரும், தூய்மைப் பணியாளர் அல்லது காவலர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால், பேராசிரியர் அறையின் ஜன்னலிலிருந்து தெரியும் வளாகம்தான் அதில் இருக்கும்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டியது: நோயாளியின் பெயரை அனைவருக்குமான மின்னஞ்சலில் போடக் கூடாது. 2020இல் வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் சுவரொட்டி ஒட்டியதையும் பார்த்த நம் மக்களுக்குப் பெயர் வெளியாவது என்றால் என்ன என்று தெரியும். "இரண்டாம் தளக் கருவி அறையில் செவ்வாய்க்கிழமை காலை இருந்தவர்கள் மருத்துவ அலுவலரைத் தொடர்புகொள்ளவும்" என்று இடத்தையும் நேரத்தையும் சொன்னால் போதும். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஊகம் வரும்தான். ஆனாலும் நிறுவனம் தன் வாயால் பெயர் சொல்லவில்லை என்பது அடுத்த நோயாளிக்குத் தைரியம் கொடுக்கும்.

இனி காற்று. 2020 மார்ச்சில் இந்த நோய் காற்றில் பரவுவதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கூட்டாகக் கடிதம் எழுதி, காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதத்தில் வெளியிட்ட அறிவுரையில், பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் பத்து மீட்டர் வரை போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குள் நாம் ஓராண்டுக்கு மேலாகக் கதவின் கைப்பிடியையும் காய்கறிப் பையையும் துடைத்துக்கொண்டிருந்தோம். புதிய சுவாசநோய் ஒன்று வந்தால், இல்லை என்று நிரூபணமாகும்வரை அது காற்றில் பரவுகிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உங்கள் கட்டடத்தில் மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால் பலர் உயிரிப் பாதுகாப்பு ஆய்வறையைக் காட்டுவார்கள். அங்கே காற்று வடிகட்டப்படுகிறது, உள்ளே போகிறவர் கவனமாக இருக்கிறார். நான் மாணவர்கள் உட்காரும் அறையைத்தான் காட்டுவேன். பத்துப் பேர் மேசைகள், மூடிய ஜன்னல், சுவரில் ஒரு ஸ்பிளிட் ஏசி. அந்த ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. ஒருவர் விட்ட மூச்சை மற்ற ஒன்பது பேரும் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி இழுக்கிறார்கள். இதைப் பேச்சால் நம்பவைப்பது கடினம். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி அந்த அறையின் நடுமேசையில் வையுங்கள். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவுக்கு இருக்கும் எண், மூடிய அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 2,000ஐத் தாண்டக்கூடும். இரண்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, வெளியேற்றும் விசிறியைப் போட்டால் சில நிமிடங்களில் எண் சரியத் தொடங்கும். அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்த மாணவர் அதன் பிறகு தானே எழுந்து ஜன்னலைத் திறப்பார். 800க்கு மேல் போனால் திறக்க வேண்டும், 1,000க்கு மேல் போனால் ஆட்கள் பாதியாக வேண்டும் என்று விதி வையுங்கள். வெயில் காலத்தில் ஏசியும் ஓடட்டும், ஜன்னலும் ஒரு விரற்கடையாவது திறந்திருக்கட்டும். மின்கட்டணம் கூடும். கூடட்டும். ஜன்னல் திறக்க வழியில்லாத கருவி அறைகளுக்கு நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள்.

முகக்கவசம் என்றால் என்95 வகை, முகத்தோடு ஒட்டி நிற்பது, வால்வு இல்லாதது. அதைத் தூய்மைப் பணியாளருக்கும் காவலருக்கும் அதே தரத்தில் கொடுங்கள். விஞ்ஞானிக்கு என்95, பெருக்குகிறவருக்குத் துணிக்கவசம் என்று நான் சில இடங்களில் கண்டேன். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கிருமிநாசினி பற்றி நீண்ட அத்தியாயம் வேண்டாம். சோப்பு போதும். சோதனைக்கூடத்தில் எத்தனால் இருக்கிறதே என்று நீங்களே தயாரிப்பதானால், உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைக் குறிப்பைப் பின்பற்றுங்கள். சிறப்புக் காற்றோட்ட வசதி இல்லாத இடத்தில் 50 லிட்டருக்கு மேல் தயாரிக்க வேண்டாம் என்று அதிலேயே இருக்கிறது. கையில் தடவிக்கொண்ட ஆல்கஹால் உலரும் முன் பன்சன் அடுப்பருகே போகக் கூடாது என்பதைப் புதிய மாணவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆள்மீது மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதைகளை 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. மறுபடியும் யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சோதனைக்கூடத்தில் கவசத்தோடு இருந்தவர்கள் எங்கே தொற்று வாங்கினார்கள்? பெரும்பாலும் கவசம் கழற்றிய இடத்தில். தேநீர் வேளை, மதியச் சாப்பாடு, வேனில் ஒன்றாக வீடு திரும்புவது, விடுதி மெஸ். 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பணிக்காகத் திரும்பியிருந்த மாணவர்களிடையே தொற்று நூறு பேரைத் தாண்டியபோது, விடுதிகளுக்கெல்லாம் ஒரே மெஸ் இயங்கியது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. பிறகு சாப்பாட்டைப் பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பினார்கள். எந்த வளாகத்துக்கும் நேரக்கூடியதுதான் அது. ஆட்கள் குறைவாகத்தானே இருக்கிறார்கள், ஒரு மெஸ் போதுமே என்று செலவு மிச்சம் பார்ப்பது இயல்பு. உங்கள் வழிகாட்டியில் அதற்கு நேர்மாறாக எழுதுங்கள். ஆள் குறைந்தாலும் சாப்பிடும் இடங்கள் குறையக் கூடாது. நம் ஊரில் மழைநாள் போக மற்ற நாட்களில் வெளியே உட்கார்ந்து சாப்பிட முடியும். புங்கை, வேம்பு நிழல்களில் பெஞ்சுகள் போட்டு, மேலே ஒரு கூரையும் போட்டுவிட்டால், பெருந்தொற்று வராத காலத்திலும் அங்கேதான் கூட்டம் இருக்கும்.

விடுதி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: காலி செய்யச் சொல்லாதீர்கள், இரவோடு இரவாகச் சொல்லவே சொல்லாதீர்கள். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்த ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. வடகிழக்கு மாநிலத்து மாணவர் நான்கு மணி நேரத்தில் எங்கே போவார்? போகிற இடத்தில் வயதான தாத்தா பாட்டி இருப்பார்கள். வழியெல்லாம் நோய் போகும். விருப்பமுள்ளவர் போகட்டும், இருப்பவருக்கு அறையும் சாப்பாடும் உறுதி என்று எழுதுங்கள். தனிமைப்படுத்த ஒதுக்கும் அறைகளில் தனிக் கழிப்பறை, ஜன்னல், இணைய வசதி, பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவை இருக்க வேண்டும். நாளில் இரண்டு முறை தொலைபேசியில் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். வெளியே தாழ்ப்பாள் போடும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே தடைசெய்யுங்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

உயிரியல் நிறுவனம் என்பதால் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்டில் விடுதிகளின் கழிவுநீரைச் சோதித்தது. ஒரு விடுதியின் நீரில் வைரஸ் தென்பட்டது. அங்கிருந்த 311 பேரைச் சோதித்ததில் அறிகுறியே இல்லாத இருவர் சிக்கினார்கள். உங்களிடம் பி.சி.ஆர். கருவியும் அதை ஓட்டத் தெரிந்த மாணவர்களும் இருக்கிறார்கள். விடுதியின் கழிவுநீர்க் குழாய் எங்கே ஒன்று சேர்கிறது, அங்கே மாதிரி எடுக்க மூடியைத் திறக்க முடியுமா என்று பராமரிப்புப் பொறியாளரிடம் இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

மூடுவதா, திறப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வு நிறுவனத்தை முழுதாக மூட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். எலிகளுக்குத் தண்ணீர் வேண்டும், உறையவைத்த செல்களுக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். ஆகவே குறைந்தபட்சமாக எத்தனை பேர் இருந்தால் நிறுவனம் உயிரோடு இருக்கும் என்று இப்போதே பெயர் பெயராகக் கணக்கிடுங்கள்.

திரவ நைட்ரஜன் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அதன் மட்டம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு நீண்ட மரக்குச்சியைத் தொட்டிக்குள் அடிவரை இறக்கி, சில விநாடி வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டுவார். குச்சியில் வெள்ளையாகப் பனி படியும் உயரம் எதுவோ அதுதான் நைட்ரஜனின் உயரம். எத்தனை விரற்கடை குறைந்தால் நிரப்ப வேண்டும் என்பது அவர் மனத்தில் இருக்கும், எங்கும் எழுதியிருக்காது. அவருக்கே காய்ச்சல் வந்தால்? இருபது ஆண்டுகளாகச் சேர்த்த செல்வரிசைகள் போய்விடும். அந்தக் குச்சியைப் பிடிக்க இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். கையுறை, முகக்காப்பு, அறைக் கதவு திறந்திருப்பது, ஆக்சிஜன் அளவுமானி ஆகியவற்றையும் சேர்த்து. நைட்ரஜன் ஆவியாகி அறையை நிரப்பினால் மூச்சுத்திணறும் உணர்வே வராமல் ஆள் மயங்கி விழுவார். ஆள் குறைந்த காலத்தில் யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். நைட்ரஜன் அறைக்கு மட்டுமாவது இருவராகத்தான் போக வேண்டும்.

வெளியிலிருந்து வரும் நைட்ரஜனையும் நம்பிவிட முடியாது. 2021 ஏப்ரலில் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் தவித்தபோது, நைட்ரஜன், ஆர்கான் ஏற்றும் டேங்கர்களை ஆக்சிஜன் ஏற்ற மாற்றினார்கள். நைட்ரஜன் தயாரிக்கும் அலகை ஆக்சிஜன் தயாரிக்கும்படி மாற்றிக் காட்டியது மும்பை ஐ.ஐ.டி. அப்படி மாற்றியது முற்றிலும் நியாயம். அந்த நாட்களில் ஆய்வகத் தொட்டிக்கு நைட்ரஜன் கேட்டு யாரும் வற்புறுத்த முடியாது, வற்புறுத்தவும் கூடாது. எனவே ஈடுசெய்ய முடியாத மாதிரிகளின் ஒரு பங்கை வேறொரு நகரத்தில் உள்ள நிறுவனத்தின் தொட்டியில் வைக்கப் பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். சென்னையில் பெருந்தொற்று தனியாகத்தான் வரும் என்று இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது கொரோனாவின் நடுவில்தான். மின்தடையும் ஆள்பற்றாக்குறையும் ஒரே இரவில் சேர்ந்து வந்தால் உறைவிப்பான்களுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

விலங்கு இல்லத்தில் பணியாளர்களை இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். ஓர் அணி மற்றதைச் சந்திக்கவே கூடாது. உடைமாற்றும் அறையில்கூட. இனப்பெருக்கத்தை ஆரம்ப நாட்களிலேயே குறைத்துவிட்டால், பின்னால் கூண்டுகளைப் பராமரிக்க ஆளில்லாமல் விலங்குகளைக் கொல்ல வேண்டிய கொடுமை வராது. அரிய எலிவரிசைகளின் விந்தணுவையோ கருமுட்டையையோ சாதாரண காலத்தில் உறையவைத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு. விலங்கிடமிருந்து மனிதருக்கும் மனிதரிடமிருந்து விலங்குக்கும் நோய் தாவலாம் என்பதையும் மறக்க வேண்டாம். எலி போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டருக்குக் கொரோனா எளிதில் தொற்றியது, ஹாங்காங்கில் அவற்றிடமிருந்து மனிதருக்கும் வந்தது. கூண்டைத் தொடுபவருக்குக் காய்ச்சல் என்றால் விலங்குகளையும் நோட்டமிட வேண்டும்.

மூடுவதைவிடத் திறப்பதில் ஆபத்து அதிகம் என்பதை நம் நாடு மிகக் கொடுமையாகக் கற்றது. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஊரடங்குக்குப் பின் மறுபடி இயங்கவிருந்த பாலிமர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து, தூக்கத்தில் இருந்தவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். ஆய்வகத்தில் அந்த அளவு ரசாயனம் இருக்காது. ஆனால் திறந்து பல மாதமான ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் பாட்டில்களில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும். மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் தொடவே கூடாது. தரை வடிகால் வளைவுகளில் தண்ணீர் வற்றிச் சாக்கடை வாயு ஏறியிருக்கும். கண்கழுவும் குழாயில் நின்ற தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கும். ஆகவே திறக்கும் முதல் நாள் ஆய்வு நாள் அல்ல. குழாய்களைத் திறந்து ஓடவிடுவதும், பாட்டில்களின் தேதி பார்ப்பதும், வாயுக் குழாய்களைச் சோதிப்பதுமாக அந்த நாள் போகட்டும். மாணவர்களுக்கு அன்று வேறு வேலை தரக் கூடாது.

நோய்ப் பரிசோதனைக்கு உங்கள் நிறுவனம் உதவ வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அழைப்பு வரும். 2020இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற ஆய்வு நிறுவனங்கள் பரிசோதனைக் கூடங்களாகவும் இயங்கின. கிண்டி கிங் நிறுவனம் 1899 முதல் நோய்த்தடுப்புப் பணிக்கென்றே இருப்பது. மற்றவர்கள் அப்படி அல்லர். உதவுவது கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விரும்பி வருபவர் மட்டும் வரட்டும். நெறியாளர் மூலம் ஆள் கேட்காதீர்கள். பயிற்சி, காப்பீடு, தங்குமிடம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். செல்வளர்ப்புக்கு வைத்திருக்கும் கிடைமட்டக் காற்றோட்ட மேசையில் நோயாளியின் மாதிரியைத் திறக்கக் கூடாது. அதில் காற்று வேலை செய்பவரின் முகத்தை நோக்கித்தான் வரும். வேலை செய்பவரைக் கிருமியிலிருந்து காக்கும் உயிரிப் பாதுகாப்பு அலமாரி வேறு, இது வேறு. அவசரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு.

ஆய்வு தடைபடும் மாணவர்களிடம் என்ன சொல்வது? காலத்தை நீட்டித்துக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள், கேட்காமலே சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் ஆய்வேடு சமர்ப்பிக்க ஆறு மாதக் கூடுதல் அவகாசம் கொடுத்தது. அவகாசத்தோடு உதவித்தொகையும் நீள வேண்டும். இல்லையென்றால் மாணவர் கையில் தேதி இருக்கும், வாடகை இருக்காது. திட்டப் பணியாளர்களின் நிலைமை இன்னும் மோசம். திட்டங்கள் பல மார்ச் 31 அன்று முடிகின்றன. 2020இல் ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களிலேயே பலருக்கு வேலையும் முடிந்தது. நிதி வழங்கும் துறையிடமிருந்து நீட்டிப்பு ஆணை வரும்வரை மூன்று மாதங்களுக்கு நிறுவனம் முன்பணமாகச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டை உங்கள் நிதி அலுவலர் செய்ய முடியும். அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதத்தில் மாணவர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். அப்பாவை இழந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முன்னேற்ற அறிக்கையைத் தள்ளிப்போட முடியுமா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் மருத்துவரிடம் கேட்டார். அப்படி ஒரு கேள்வியோடு யாரும் அலையக் கூடாது. குடும்பத்தில் மரணம் என்றால் எல்லாக் காலக்கெடுவும் தானாகவே மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் 14416 எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. அவற்றோடு வளாகத்தில் ஒரு முகமும் வேண்டும். எந்த மொழி பேசும் மாணவருக்கு யார் பேசுவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வருவது கொரோனா போலவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுத வேண்டாம். இன்ஃப்ளுயன்சா ஒன்று முதல் நான்கு நாட்களில் வெளிப்பட்டுவிடும், கொரோனாவுக்கு 14 நாள் வரை பார்த்தோம். 2018இல் கோழிக்கோட்டில் வந்த நிபா நெருங்கிப் பராமரித்தவர்களையும் மருத்துவமனையில் அருகில் இருந்தவர்களையும் பிடித்தது, ஊரெல்லாம் பரவவில்லை. ஆகவே தனிமைப்படுத்தும் நாட்களையும் இடைவெளி மீட்டர்களையும் எண்களாக எழுதிவைக்காதீர்கள். எதன்வழி பரவுகிறது, அறிகுறிக்கு முன்னா பின்னா, யாருக்கு உயிராபத்து அதிகம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்ததும் எந்தப் பகுதி எப்படி மாறும் என்று எழுதுங்கள். சம்பளம், அனுமதி, பெயர் மறைப்பு, நைட்ரஜன், மெஸ் ஆகிய பகுதிகள் எந்த நோய்க்கும் மாறாது.

40 பக்கங்களை என்ன செய்வது என்றால், அதைக் குழுவின் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊழியருக்குப் போவது ஒரே பக்கம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, உங்கள் வளாகத்தில் கட்டுமானத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் வங்காள மொழியிலும் ஒவ்வொன்று. உடம்பு சரியில்லை என்றால் யாரை எந்த எண்ணில் அழைப்பது, சம்பளம் போகாது, பெயர் வெளியே வராது, இன்று யார் வர வேண்டும் ஆகிய நான்கும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். ஒட்டுவதோடு நிறுத்தாமல், காலை வருகைப் பதிவின்போது காவலர் அறை வாசலில் ஒருவர் அதை வாசித்துக் காட்டட்டும்.

எழுதி முடித்ததும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், நைட்ரஜன் பொறுப்பாளர், விலங்கு இல்ல மேற்பார்வையாளர், நிதி அலுவலர் மூவரையும் அன்று விடுப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவர்களைத் தொலைபேசியிலும் அழைக்காமல், மற்றவர்கள் மாலைவரை நிறுவனத்தை நடத்திக் காட்டட்டும். எங்கே தடுக்கி நின்றார்கள் என்று குறித்து அனுப்புங்கள். தமிழ்ப் பக்கத்தின் வரைவையும் சேர்த்து அனுப்பினால், படித்துத் திருத்தித் தருகிறேன்.